ஊரை விட்டுப் போய் வேறு ஆளாக வாழ நினைக்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வருகிற பிள்ளைகள், கூட்டம் குறைந்ததும் குரலைத் தாழ்த்தி ஒரே மாதிரி சந்தேகங்களைக் கேட்பார்கள். ஓசூருக்கோ பெங்களூருக்கோ கோயம்புத்தூருக்கோ போனதும் வேறு ஆளாகிவிட வேண்டும், அதற்கு என்ன வழி, மாட்டினால் என்ன ஆகும், இதுதான் எல்லாக் கேள்விக்கும் அடி. செங்கல் சூளை, கல்குவாரி, கட்டட வேலை என்று இருக்கிற வீட்டிலிருந்து முதல் ஆளாகப் படித்து வெளியே போகிறவர்கள் இவர்கள். சிலர் சாதியை மறைக்கிறார்கள், சிலர் வறுமையை, பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

அண்ணா, காலேஜ்ல யாராவது கேட்டா நான் என்ன சாதின்னு சொல்லியே ஆகணுமா?

வேண்டியதில்லை. சேர்க்கை விண்ணப்பத்திலும் உதவித்தொகை விண்ணப்பத்திலும் எழுதுகிறோம், அது அலுவலகத்துக்கும் உனக்கும் நடுவில். அறையில் கூடத் தங்குகிறவன், வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்காரன், வீட்டு ஓனர், இவர்களுக்கெல்லாம் அதைத் தெரிந்துகொள்ள எந்த உரிமையும் கிடையாது. "எங்க வீட்ல இதெல்லாம் பேசிக்கிறதில்லைங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகலாம், நிறைய பேர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

இதில் மூன்று படி இருக்கிறது. சொல்லாமல் இருப்பது முதல் படி, அது உன் உரிமை. இல்லாத கதையைக் கட்டுவது இரண்டாவது, அது உன் பாடு. காகிதத்தில் கை வைப்பது மூன்றாவது, அங்கேதான் போலீஸ் வருகிறது. கீழே எந்தக் கேள்வி வந்தாலும் இது எந்தப் படி என்று பார்த்துக்கொண்டால் பாதி பதில் கிடைத்துவிடும்.

எங்கப்பா மேஸ்திரிகிட்ட கூலிக்குப் போறவர். ஃப்ரெண்ட்ஸ்கிட்ட பில்டிங் கான்ட்ராக்டர்னு சொல்லிட்டேன். தப்பா?

சட்டப்படி ஒன்றும் இல்லை, இரண்டாவது படிதான். ஆனால் கான்ட்ராக்டர் பையனுக்குச் செலவு ஜாஸ்தி. பிறந்த நாளுக்கு ட்ரீட், கோவா டூருக்குப் பணம், தவணையில் ஐபோன். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் அப்பா நம்பரை "சைட் சூப்பர்வைசர்" என்று பதிந்து வைத்திருந்தான். சாயங்காலம் அப்பா கூப்பிட்டால் எழுந்து வராந்தாவுக்குப் போய் "சொல்லுங்க, எத்தனை மூட்டை சிமெண்ட்?" என்று சத்தமாக ஆரம்பித்து, ஆள் இல்லாத இடம் வந்ததும் "சாப்டியாப்பா" என்பான். அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஒரு தடவை அவரும் பதிலுக்கு "நாப்பது மூட்டை" என்று சொல்லியிருக்கிறார்.

ஊர் கேட்டா சேலம்னு சொல்றேன். அப்படியும் எப்படியோ கண்டுபிடிச்சிடறாங்களே?

கேட்கிறவர்களுக்கு இது பரம்பரைக் கலை. சேலத்தில் எங்கே என்பார்கள். ஒரு பேட்டை பெயர் சொன்னால் அங்கே அவர்களுக்கு ஒரு சித்தப்பா இருப்பார். சொந்த ஊரே அதுதானா என்பது அடுத்தது, பென்னாகரம், அரூர் என்று வாயில் வந்துவிட்டால் எந்த ஊராட்சி, ஊருக்குள்ளேயா காலனியா என்று இறங்குவார்கள். அப்புறம் குலதெய்வம். அதற்கும் மசியவில்லை என்றால், நம்ம பக்கம் பாரதக் கூத்து போடுவார்களே, அதில் உங்கள் வகையறாவுக்கு என்ன முறை என்று அன்பாக விசாரிப்பார்கள். நேரடியாகச் சாதி என்ற வார்த்தை ஒரு தடவைகூட வராது.

ஆதார் முகவரி இன்னொரு வழி. வாடகை வீட்டுக்குக் கொடுத்த நகலில் "காலனி" என்று இருந்தால் ஓனருக்கு வேறு கேள்வியே தேவைப்படாது. அரசு ஆவணங்களிலிருந்தும் புழக்கத்திலிருந்தும் அந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆனால் ஏற்கனவே அச்சாகிக் கையில் இருக்கிற அட்டை தானாக மாறாது. தங்கியிருக்கிற இடத்துக்கு முறையான ஆதாரம் இருந்தால் ஆதாரில் முகவரியை மாற்றிக்கொள்ளலாம், இத்தனை தடவைதான் என்ற கட்டுப்பாடு முகவரிக்குக் கிடையாது. இது பொய்யே இல்லை, தாராளமாகச் செய்யலாம்.

சாப்பாட்டை மறைக்கிறவர்களும் உண்டு, வீட்டில் களி தின்றதே இல்லை என்பார்கள். அப்புறம் பெங்களூர் மெஸ்ஸில் போய் அதே கேழ்வரகு உருண்டையைக் காசு கொடுத்து வாங்கிச் சாப்பிடுகிறார்கள், என்னத்தச் சொல்ல.

இன்ஸ்டால பேருக்குப் பின்னாடி கவுடா, ரெட்டின்னு போட்டுக்கலாமா? ஓசூர்ல நிறைய பேர் அப்படித்தானே இருக்காங்க?

போடுவதால் ஜெயில் இல்லை. ஆனால் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் நிஜமாகவே அந்தப் பெயர் உள்ள குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன, வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசுவார்கள். அவர்களில் ஒருவர் சொந்தம் கொண்டாடிக்கொண்டு வந்தால் முந்தைய பதிலில் சொன்ன விசாரணை இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கும், அதுவும் உனக்குத் தெரியாத மொழியில். நமக்கு இனிஷியல் என்ற நல்ல வசதி இருக்கிறது. கடைசிப் பெயர் கேட்கிற படிவத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டுப் போ.

அப்ப பேரையே முறையா மாத்திட்டா? கெஜட்ல போட்டா பழசெல்லாம் போயிடுமா?

பெயர் பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், அதில் ஒளிவு மறைவு தேவையில்லை. பதினெட்டு வயது முடிந்தவர் தானே விண்ணப்பிக்கலாம், தமிழ்நாடு அரசின் எழுதுபொருள், அச்சுத் துறைக்கு. அரசிதழில், அதாவது கெஜட்டில், வந்ததும் அதை வைத்து ஆதார், பான், வங்கி என்று வரிசையாக மாற்ற வேண்டும். ஆதாரில் பெயரைச் சாதாரணமாக வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும், அதனால் எழுத்துப்பிழை இல்லாமல் பார்த்துக்கொள்.

ஆனால் பழசு போகாது. அரசிதழில் பழைய பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, ஊர் முகவரி எல்லாம் புதுப் பெயரோடு ஒரே பத்தியில் அச்சாகும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பழைய பெயர் இருக்கும், வேலைக்குப் போகிற இடத்தில் இரண்டையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும். ஒளிந்துகொள்ள இது வழியில்லை, ஊரறிய மாற்றிக்கொள்கிற வழி.

பேரை மாத்தினா சாதிச் சலுகை போயிடுமா?

போகாது. சலுகை பிறப்பைப் பொறுத்தது, பெயரைப் பொறுத்ததில்லை. மதம் மாறினால்தான் கதை வேறு. பட்டியல் சாதி என்பது 1950 ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோருக்கு மட்டும். கிறிஸ்தவராக மாறிவிட்டால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவீர்கள். பழங்குடியினருக்குத் தனி ஆணை, அதில் அந்த மதக் கட்டுப்பாடு இல்லை.

ஸ்காலர்ஷிப் போட்டா கிளாஸ்ல தெரிஞ்சிடும். அதனால போடாம விட்டுடலாம்னு இருக்கேன்.

இதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும், பிள்ளைகள் மேல் இல்லை. வகுப்புக்குள் வந்து "ஸ்காலர்ஷிப் பசங்கெல்லாம் எந்திரிங்க" என்று கத்துகிற ஆள் இருக்கிறார் பாருங்கள், அவர் மேல்.

கணக்குப் போட்டுப் பார். ஆதிதிராவிடர், பழங்குடியினர் உயர்கல்வி உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு வருடத்துக்கு 2.5 லட்சம். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கலந்தாய்வில் சேர்கிற தொழிற்படிப்புக்குக் கல்விக் கட்டணச் சலுகை. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, 2021-இல் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய். கான்ட்ராக்டர் மகன் வேஷத்துக்காக இதையெல்லாம் விட்டால், கூலிக்குப் போகிற அப்பா வட்டிக்கு வாங்கி உன் வேஷத்துக்கு ஃபீஸ் கட்டுவார்.

வகுப்பில் பெயர் வாசிப்பதை நிறுத்தச் சொல்லி கல்லூரி முதல்வருக்கு எழுதலாம், நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் யார் ஆரம்பித்தது என்றும் தெரியாது. சாதியையோ, ஊரையோ, வீட்டு வசதியையோ சொல்லிக் கேலி செய்தால் அது ராகிங் கணக்கில் வரும், யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழுவின் விதியில் 2016 திருத்தத்திலேயே பொருளாதாரப் பின்னணி வரை சேர்த்துவிட்டார்கள். ராகிங் புகார் எண் 1800-180-5522.

மாமா ஒருத்தர் வேற சாதிச் சான்றிதழே வாங்கித் தரேன்ங்கிறார். செலவு அவரே பாத்துக்கறாராம்.

மாமாவுக்கு ஒரு கும்பிடு போடு. இது மூன்றாவது படி. பொய்ச் சான்றிதழை விசாரிக்கிற குழுக்கள் எப்படி இயங்க வேண்டும் என்று 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இத்தனை வருடம் வேலை பார்த்துவிட்டேனே, பாவம் பார்க்கக் கூடாதா என்று கேட்டவர்களுக்கு 2017-இல் பதில் வந்தது: பொய்ச் சான்றிதழில் பெற்ற சீட்டும் வேலையும் தங்காது. ஐம்பது வயதில் வேலை போனவனை யார் எடுப்பார்கள்? வாங்கிக் கொடுத்த மாமா அப்போது போனை எடுக்க மாட்டார்.

அக்காவோட ஆதார், மார்க் ஷீட்ல கம்பெனி வேலைக்குச் சேந்துட்டேன். எனக்கு இன்னும் பதினெட்டு ஆகல. அக்காவும் சரின்னுட்டா, யாருக்கும் நஷ்டமில்லையே?

ஓசூர் கம்பெனிகளுக்கு ஆள் எடுக்க வேன் வருகிற ஊர்களிலிருந்து இந்தக் கேள்வி வரும். நஷ்டம் உனக்குத்தான். உன் சம்பளத்தில் பிடிக்கிற பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி, அக்கா பெயரில் சேரும். இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டு அட்டை அக்காவுடையது, நீ மெஷினில் கையைக் கொடுத்துவிட்டால் அடிபட்ட ஆள் நீ இல்லை, அக்கா. அவளோ வீட்டில் இரண்டு கையோடு உட்கார்ந்திருப்பாள். நஷ்டஈடு யாருக்கு? நாளைக்கு அக்கா நிஜமாகவே வேலைக்குப் போனால் அவள் பிஎஃப் கணக்கில் ஏற்கனவே ஒரு கம்பெனி இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் இந்தப் பணத்தை எடுக்க அலைகிற அக்கா தங்கைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது பாரதிய நியாய சன்ஹிதா 319-ஆம் பிரிவில் வருகிறது, ஐந்து வருடம் வரை சிறை. 2024 ஜூலை 1-க்கு முன்பு இது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 419-ஆம் பிரிவு, அப்போது மூன்று வருடம். போலி ஆவணத்துக்கு வேறு பிரிவுகள் தனியாக. சின்ன வயதுப் பெண்ணை யாரும் உடனே ஜெயிலில் தூக்கிப் போட மாட்டார்கள், பயப்பட வேண்டாம். ஆனால் அந்த வேலையை விட்டுவிடு. வயது முடிந்ததும் உன் பெயரிலேயே சேர்.

ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் போட்டு ஐடில சேரலாம்னு கன்சல்டன்சில சொல்றாங்க. எல்லாரும் பண்றாங்களே?

எல்லாரும் இல்லை, மாட்டாதவர்கள் மட்டும் பேசுகிறார்கள். கம்பெனிகள் இப்போது யுஏஎன் என்கிற உன் பிஎஃப் எண்ணை வைத்து நீ எங்கெங்கே எத்தனை மாதம் இருந்தாய் என்று பார்க்கின்றன, யார் உன் பெயரில் வரி பிடித்தார்கள் என்று காட்டும் வருமான வரிப் படிவம் 26ஏஎஸ் கேட்கின்றன. மூன்று வருட அனுபவம் என்று எழுதியிருக்கும், மூன்று வருடமும் பிஎஃப் வெறுமையாக இருக்கும். கன்சல்டன்சிக்காரர் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார், காகிதத்தைக் கொடுத்தவன் நீ.

அப்பாவும் அம்மாவும் காலேஜைப் பாக்க வரேன்ங்கிறாங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.

வரட்டும். எனக்குத் தெரிந்து இந்தக் கேள்வியைக் கேட்கிற பிள்ளைகள்தான் அதிகம் அழுகிறார்கள், சான்றிதழ் கேட்கிறவர்கள் அழுவதில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே பார்த்துப் பேசி ஓட்டலில் சாப்பிட வைத்து திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசிக்கிறார்கள். ஒரு பெண் வார்டனிடம் அம்மாவை "எங்க வீட்ல வேலை செய்யறவங்க" என்று சொல்லிவிட்டாள். அம்மா கொண்டுவந்த மாங்காய் மூட்டையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி, "பாப்பா ரூம் எங்கம்மா" என்று அந்த வேஷத்தையும் சரியாகவே ஆடிவிட்டுப் போனாராம். அந்தப் பெண் இதை என்னிடம் சொன்னபோது நான் எதுவும் பதில் சொல்லவில்லை, என்ன சொல்ல முடியும்.

ஒரு யோசனை: எல்லாருக்கும் அறிவிக்க வேண்டாம், ஒரே ஒரு நண்பனிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிவிடு. "எங்கப்பா கூலி வேலைக்குப் போறவர், நான்தான் சும்மா அளந்துட்டேன்" என்று. பெரும்பாலும் அவன் பதிலுக்கு அவன் அளந்ததைச் சொல்வான். வேட்டி சட்டையில் வருகிற அப்பாவைக் கூட்டிக்கொண்டு கேண்டீனுக்குப் போக அந்த ஒருவன் கூட இருந்தால் போதும்.

லவ் பண்றேன். நான் அவங்க சாதிதான்னு அந்தப் பொண்ணு நெனச்சிட்டிருக்கா. கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிக்கலாமா?

கூடாது. இதில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அடையாளத்தை மறைத்துக் கல்யாணம் செய்து உறவு வைத்துக்கொள்வது நியாய சன்ஹிதா 69-ஆம் பிரிவில் குற்றம், பத்து வருடம் வரை சிறை. இந்து திருமணச் சட்டம் 12-ஆம் பிரிவில், முக்கியமான விஷயத்தை மறைத்து வாங்கிய சம்மதம் என்று சொல்லி, தெரியவந்த ஒரு வருடத்துக்குள் திருமணத்தையே ரத்து செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

சட்டத்தை விடு. நாம் இருக்கிற மாவட்டம் எது என்று யோசி. சாதி மாறி நடந்த ஒரு கல்யாணத்தை ஒட்டி 2012 நவம்பர் 7 அன்று நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்றிலும் வீடுகளைக் கொளுத்தினார்கள். அடுத்த வருடம் ஜூலையில் அந்தக் கல்யாணம் செய்த பையன் தர்மபுரியில் தண்டவாளத்தின் ஓரம் பிணமாகக் கிடந்தான். எந்த ஆபத்துக்குள் போகிறோம் என்பது தெரிந்துதான் அந்தப் பெண் உன்னோடு வரவேண்டும், நீ மட்டும் தெரிந்து வைத்திருந்தால் அது அவளுக்குச் செய்கிற துரோகம். உண்மையைச் சொன்ன பிறகும் அவள் நின்றால், இருவரும் சேர்ந்து திட்டமிடுங்கள். சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு, அந்த நோட்டீஸை ஒட்டுவார்கள், அதை மனதில் வைத்து வக்கீலைப் பாருங்கள். மிரட்டல் வந்தால் எஸ்.பி. அலுவலகம், பெண்களுக்கு 181. 2018-இல் சக்தி வாகினி வழக்கில் இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மாவட்டம்தோறும் பாதுகாப்புப் பிரிவு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதைச் சொல்லிக் கேளுங்கள்.

அம்பேத்கரே பொய்ப் பேர்ல தங்கினாருன்னு படிச்சேன். அவரே பண்ணும்போது நாங்க பண்ணா மட்டும் தப்பா?

நல்ல கேள்வி. வெளிநாட்டில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்கு வந்தவருக்குத் தங்க இடமில்லை, பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள் தடியோடு ஒரு கூட்டம் வந்து வெளியேற்றியது. இந்து நண்பர், கிறிஸ்தவ நண்பர் இருவர் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை, பூங்காவில் மனம் உடைந்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் பிற்பாடு அவரே தன் பெயரில் எழுதி வைத்திருக்கிறார்.

தப்பு என்று நான் எங்கேயும் சொல்லவில்லையே. தலைக்கு மேல் கூரை வேண்டும் என்று பொய் சொன்னவரை யார் குற்றம் சொல்வது? தடியோடு வந்தவனைக் கேட்க வேண்டிய கேள்வியை உன்னிடம் கேட்க மாட்டேன். நான் சொல்வதெல்லாம் மாட்டினால் யாருக்கு வலிக்கும் என்பதுதான், வாடகை வீட்டு ஓனரிடம் நீ சொன்ன பொய்யையும் காதலியிடம் சொன்ன பொய்யையும் ஒரே தராசில் வைக்காதே.

பத்து வருஷமா பெங்களூர்ல வேற ஆளாவே இருக்கேன். மனைவிக்கு மட்டும் தெரியும். இப்ப குழந்தையை ஓசூர்ல ஸ்கூல்ல சேக்கணும், சாதிக் கட்டத்துல என்ன எழுத?

எழுதாமல் விடலாம். சாதி, மதம் இரண்டு கட்டத்தையும் காலியாக விட விரும்பினால் பள்ளிகள் ஏற்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1973-லேயே அரசாணை இருக்கிறது. பக்கத்துத் திருப்பத்தூரில் ஒரு வக்கீல் 2019-இல் சாதி மதம் அற்றவர் என்று தாசில்தாரிடம் சான்றிதழே வாங்கினார். ஆனால் நீ இப்போது சொல்லிக்கொண்டிருக்கிற சாதியை மட்டும் எழுதிவிடாதே, அது உன் பொய்யைக் குழந்தை பெயரில் மூன்றாவது படிக்கு ஏற்றுவது.

காலியாக விட்டால் ஒதுக்கீடும் இருக்காது, அதையும் யோசித்துக்கொள். பின்னால் வேண்டும் என்றால் சான்றிதழ் வாங்கலாம், கலப்புத் திருமணம் என்றால் அப்பா அம்மா இருவரில் ஒருவருடைய சாதியில் கேட்கலாம். எதற்கும் உன் பழைய சாதிச் சான்றிதழும் டிசியும் வேண்டும். ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வை. தொலைந்திருந்தால் உன் பெயருக்குப் புதிதாக விண்ணப்பித்த பிறகுதான் குழந்தைக்குப் போட முடியும். பட்டியல் சாதி என்றால் தாசில்தார், பழங்குடி என்றால் கோட்டாட்சியர் வரை போகும், ஜூன் மாதக் கூட்டத்துக்கு முன்னால் வந்துவிடு.